பதினாலு நூல் குழாய்

அன்று ஷெட்டில் நின்றவர்கள் இவர்கள். என் மாமனார், இடுப்புக் கயிற்றில் ஷெட்டுச் சாவியோடு. டாக்டர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. டாக்டரின் டிரைவர், வாசல் நிலையில் சாய்ந்தபடி. என் மனைவியின் தங்கையைக் கட்டிய என் சகலை, டாக்டரின் மோட்டார் வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு. கடைசியில் நான். ஐந்து பேர். பெஞ்சின்மேல் நான் செய்த புகைக்குழாய் கிடந்தது. வண்டியிலிருந்து கழற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதில் ஒட்டியிருந்த மலைச்சேறு சூட்டில் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"சப்தம் சிம்ஹம்தான் மேஸ்திரி" என்றார் டாக்டர் தன் மலையாளத் தமிழில். "மலை கேறும்போ பூச்சை, பூனைக்குட்டி. மூணாவது வளைவுல வண்டி நின்னு, பின்னால உருளத் தொடங்கியாச்சு. எந்தா செய்யும்?"

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாமனார் சிரிக்கவில்லை. சகலையும் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். சண்டைக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எங்கள் ஆட்கள் வடசேரியில் பாத்திரம் அடிப்பவர்கள். உருளி, அண்டா, குத்துவிளக்கு. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்குப் பின்னால் மாமனாருக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. முதலில் அவரும் பாத்திரம்தான் அடித்தார். பிறகு ஊரில் மோட்டார் வண்டிகள் வந்தன. ரேடியேட்டர் ஒழுகினால் யாரிடம் கொண்டுபோவது? பித்தளை தெரிந்தவனிடம்தான். அப்படி ஒன்று இரண்டாக வந்து, ஷெட்டு மோட்டார் ஷெட்டு ஆகிவிட்டது. அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். கல்யாணம் முடிந்த மறு வாரம் ஷெட்டுக்கு வந்தேன். ஆறு வருஷம் தகடு வெட்டினேன், மடித்தேன், பற்றவைத்தேன். மாமனாருக்கு முழங்கால் வலி வந்தது. "சித்திரை பிறக்கட்டும், சாவியைக் கை மாத்திருவோம்" என்று சொல்லத் தொடங்கினார். யார் கைக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூத்த மாப்பிள்ளை நான் ஒருவன்தானே என்று இருந்தேன்.

அப்புறம் இளையவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் எண்ணெய் இஞ்சின் பார்த்தவன். எங்கள் ஆட்கள்தான், ஆனால் மலையில் வளர்ந்தவன். வரும்போதே கையில் கடிகாரம் கட்டியிருந்தான். முதல் நாள் ஷெட்டுக்கு வந்தவன், பழுதுக்கு வந்து இஞ்சின் ஓடியபடி நின்ற ஒரு வண்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினான். பசுவின் வயிற்றில் கை வைத்துச் சினை பார்ப்பவன் மாதிரி. "ரெண்டாவது சிலிண்டரு வேலை செய்யல்ல அண்ணாச்சி" என்றான். திறந்து பார்த்தோம். சரியாக இருந்தது அவன் சொன்னது. மாமனார் அன்று அவனுக்குத் தன் வெற்றிலைச் செல்லத்தை நீட்டினார். ஆறு வருஷத்தில் அந்தச் செல்லம் என் பக்கம் நீண்டதில்லை. நான் வெற்றிலை போடாதவன் என்பது வேறு. நீட்டியிருக்கலாம்.

அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய குற்றம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். நான் உட்காராமல் உட்காரமாட்டான். என் பிள்ளைகளுக்குத் தகரத்தில் மோட்டார் செய்து கொடுப்பான். எனக்கு மூன்று பிள்ளைகள், அவனுக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் வயிறு காந்தியது எனக்குத்தான். அவன் சிரிக்கும்போது ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சிரித்தால் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். என் மனைவி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "தங்கச்சி மாப்பிள்ளை முள்ளை மட்டும் வச்சிட்டு மீனைத் திங்கிற அழகு இருக்கே" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் மீன் தொடவில்லை.

டாக்டர் இங்கிலாந்தில் படித்து வந்தவர். வரும்போது இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். பச்சை நிறம். தாழ்ந்து, நீண்டு, ஓடத் தயாராக நிற்கிற நாய் மாதிரி இருக்கும். போனக்காட்டில் ஒரு துரை இருந்தார். அவரிடமும் அதுபோல ஒரு வண்டி. இரண்டு பேரும் கிளப்பில் பேசிப் பேசிப் பந்தயம் வைத்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் விதுரா தாண்டி ஒரு சாயாக்கடை. அங்கிருந்து தோட்டத்துப் பங்களா முற்றம் வரை ஏற வேண்டும். பணம் இல்லை. தோற்றவர் ஜெயித்தவரின் வண்டியைத் தன் கையாலே கழுவவேண்டும், அதுவும் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க. டாக்டர் தூக்கமில்லாமல் இருந்தார். துரை ஊர்க் கூலிகளின் முன்னால் குனிந்து சக்கரம் கழுவுவதை அவர் மனதில் பார்த்துவிட்டார். தான் கழுவுவதையும் பார்த்துவிட்டார்.

எங்கள் ஷெட்டுக்கு வந்து, "வண்டிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வேணும். புகைக்குழாயை மாத்தினா கிட்டும்னு அவிட இங்கிலாந்துல ஆள்காரு சொல்லுவாங்க" என்றார். மாமனார் என்னைப் பார்த்தார். குழாய் என்றால் என் வேலை. ஷெட்டில் தகட்டை உருட்டிக் குழாய் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் பாத்திரக்காரன். வாய் அகன்ற பானையில் தண்ணீர் சீக்கிரம் கொட்டும். அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. புகையும் அப்படித்தான் என்று நினைத்தேன். இஞ்சினுக்குள் புகை அடைத்துக்கொண்டிருக்கிறது, வாசலை அகலமாகத் திறந்துவிட்டால் வெளியே ஓடும், இஞ்சின் மூச்சு விடும். வண்டியோடு வந்த குழாய் பன்னிரண்டு நூல். எட்டு நூல் ஒரு அங்குலம். நான் பதினெட்டு நூலில் செய்தேன். செய்து முடித்து, எங்கள் ஷெட்டின் பழக்கப்படி வால் ஓரத்தில் பொட்டு உளியால் பதினெட்டுப் பொட்டு அடித்தேன். ஒரு நூலுக்கு ஒரு பொட்டு. இங்கிலீஷ் எண் படிக்கத் தெரியாதவர்களும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். இருட்டில்கூட எண்ணலாம்.

குழாயை மாட்டிக்கொண்டு டாக்டர் சங்குமுகம் ரோட்டில் ஓட்டினார். நேர் ரோடு, கடல்காற்று. சத்தம் கேட்டு வலை காயப்போட்டவர்கள் எழுந்து நின்றார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மேஸ்திரி, பிரமாதம்!" என்றார். நான் சகலையைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடே, ஒண்ணும் சொல்லல்ல?" என்றேன். "நேர் ரோட்டுக்கு நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு மலையில் ஏற்றிப் பார்க்கப் போனார்கள். டாக்டர் ஓட்டினார், சகலை பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அந்த மலைக்காரன், வளைவெல்லாம் தெரியும். நான் ஷெட்டில் இருந்தேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். குழாயைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார்கள். அப்போதுதான் நான் முதலில் சொன்ன ஐந்து பேரும் அங்கே நின்றோம். பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது.

"சின்ன மாப்பிள்ளை, நீரு சொல்லும்" என்றார் மாமனார்.

சகலை என்னைத்தான் பார்த்துப் பேசினான். "அண்ணாச்சி, வீட்டுல அடுப்பு ஊத ஊதாங்குழல் எடுக்கோம். அதை ஏன் ஒல்லி மூங்கில்ல வெட்டுதோம்? தடி மூங்கில்ல ஊதினா காத்து தீயில போய்ச் சேராது. உள்ளேயே சோம்பிக் கிடக்கும். ரொம்ப ஒல்லியா வெட்டினா நம்ம மூச்சு முட்டும். புகையும் அப்படித்தான். ஓடணும். அகலமா விட்டா நடக்கும். மலையில ஒவ்வொரு வளைவுலயும் வண்டி நின்ன மாதிரி ஆகி, பிறகு எழும்பணும். அந்த நேரத்துல புகை ஓடினாத்தான் இஞ்சின் எழும்பும். நேர் ரோடுன்னா உங்க குழாயே போதும். இது மலை. ரோட்டைப் பார்த்துக் குழாய் வெட்டணும்."

"எத்தனை நூல்?" என்றார் டாக்டர்.

சகலை கவராயத்தை எடுத்து இஞ்சினில் புகை வெளிவரும் வாயை அளந்தான். கண்ணை மூடினான். அந்தக் கண் மூடுகிற வழக்கத்தை நான் வெறுத்தேன். திறந்து, என்னைப் பார்த்து, "பதினாலு" என்றான்.

மாமனார் இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டார். "நான் நேரே சொல்லிருதேன். மூத்தவரு குழாய் கேறல்ல. சின்னவரு சொன்ன குழாய் கேறட்டும், பார்ப்போம். கேறிச்சுன்னா சாவி சின்னவருக்கு. கேறல்லன்னா மூத்தவருக்கே. இதுல யாரும் முகம் கோணப்படாது, கேட்டியளா?"

கேட்டேன். முகம் கோணவில்லை. என் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னது அன்று எனக்கு உபயோகப்பட்டது.

அவன் அளவு சொன்னான். குழாய் செய்ய வேண்டியவன் நான். என் கையால் அவனுக்குச் சாவி செய்து கொடுக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் பசிக்கவில்லை என்று சொல்லி இருந்துகொண்டேன். பதினாலு நூல் குழாய்க்கு எவ்வளவு அகல இரும்புத் தகடு வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கோடு போட்டேன். பிறகு அந்தக் கோட்டுக்கு உள்ளே மூன்று நூல் தள்ளி இன்னொரு கோடு போட்டேன். தகட்டின் அகலத்தில் மூன்று நூல் குறைத்தால் குழாயின் வாயில் ஒரு நூல் குறையும். வெளிக் கோட்டில் ஒரு தடவை வெட்டி, பிறகு உள் கோட்டிலும் வெட்டினேன். ஒரு நூல் என்பது கண்ணுக்குத் தெரியாது. இஞ்சினுக்குத் தெரியும், பழைய பன்னிரண்டு நூல் குழாயில் போல மூச்சு முட்டும், வேகமாக ஏறாது என்று நினைத்தேன்.

வெட்டும்போது கை நடுங்கவில்லை. இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நடுங்கவில்லை. அந்த வருஷத்தில் நான் வெட்டியதிலேயே சுத்தமான வெட்டு அதுதான். உருளையில் வைத்து அடித்து வளைத்தேன். வெங்காரப் பொடி தூவி, ஓரங்கள் சேரும் மூட்டில் பித்தளை உருக்கிப் பற்றவைத்தேன். அரத்தால் மூட்டைத் தேய்த்து, கைபட்டால் தெரியாதபடி செய்தேன். ஒரு முனையில் இஞ்சினோடு சேர்த்து முடுக்குகிற தடித்த வளையத்தைப் பற்றவைத்தேன். கடைசியில் பொட்டு உளியை எடுத்து வால் ஓரத்தில் பொட்டு அடித்தேன். பதினாலு பொட்டு. வெட்டியது ஒரு பாவம் என்றால் அந்தப் பதினாலாவது பொட்டு இன்னொரு பாவம்.

சாப்பிட்டு வந்த சகலை குழாயை எடுத்தான். வாய்க்குள் இரண்டு விரலை விட்டுச் சுற்றினான். என்னைப் பார்த்தான். நான் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. உங்க கை உங்க கைதான்" என்றான்.

கீழே, நான் வெட்டித் தள்ளிய தகட்டு நாடா கிடந்தது. மூன்று நூல் அகலம், சுருள் சுருளாக. அதைக் குனிந்து எடுத்தான். "இது உங்களுக்கு வேணுமா? எங்க வீட்டுக் கோழிக்கூட்டுக் கதவு தொங்குது. கட்டுகதுக்கு ஆகும்" என்றான். எடுத்துக்கொள் என்றேன். "குழாயை நானே மாட்டுதேன், நீங்க போய்ச் சாப்பிடுங்க. அக்கா காத்திருப்பா" என்றான். நான் போனேன். அன்று நிறையச் சாப்பிட்டேன்.

பந்தயத்து அன்று நானும் மாமனாரும் விடியுமுன்னே தோட்டத்து லாரியில் ஏறி மேலே போய்விட்டோம். மாமனாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் வந்தார். நான் சகலை தோற்பதைப் பார்க்க வந்தேன். பங்களா முற்றத்தில் தோட்டத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்காமலே நின்றார்கள். ரோடு ஒரு வண்டி அகலம்தான். ஆகவே இரண்டும் சேர்ந்து வர முடியாது. துரை முதலில் புறப்படுவார், ஐந்து நிமிஷம் கழித்து டாக்டர் புறப்படுவார் என்று பேச்சு. துரை வந்து சேர்ந்து ஐந்து நிமிஷத்துக்குள் டாக்டர் வந்துவிட்டால் டாக்டர் ஜெயித்தார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையில் கடிகாரத்தோடு நின்றார்.

துரை வந்தார். வண்டியை நிறுத்தி இறங்கி, கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். ஒரு நிமிஷம் ஆனதும் கணக்கப்பிள்ளை, "ஒண்ணு" என்றார். மலையில் சத்தம் கீழேயிருந்து மேலே வரும். என் பதினெட்டு நூல் குழாய் போட்ட சத்தம் எனக்குத் தெரியும், இடி மாதிரி. இது அப்படி இல்லை. புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒல்லியான சத்தம். நான் அதை ஒவ்வொரு வளைவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வளைவில் இறங்கும், நின்றுவிடும், மூச்சு முட்டும் என்று காத்திருந்தேன். இறங்கியது. உடனே எழும்பியது. அடுத்த வளைவு. இறங்கியது, எழும்பியது. "ரெண்டு" என்றார் கணக்கப்பிள்ளை. ஒரு கிழவி பக்கத்தில் நின்றவளிடம், "என்னட்டி இது, இறக்கத்துல வாற மாதிரி வருது?" என்றாள். "மூணு" என்று சொல்லக் கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார். பச்சை வண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டது.

டாக்டர் இறங்கவில்லை. வண்டியிலிருந்தபடியே கையை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வந்த சகலையின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "எந்தொரு குழாயாடோ இது! பதினாலு நூல், அல்லே? பதினாலு!" என்று கத்தினார். துரை நல்ல மனுஷன். சட்டைக் கையை மடித்து, வாளி கேட்டார். சக்கரம் சக்கரமாகக் கழுவினார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி, "துரே, அந்தப் பக்கம் சேறு போகல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், துரையும் சிரித்தார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் ஓரத்தில் என் பதினாலு பொட்டு தெரிந்தது.

அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதை அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அது பதிமூன்று நூல் குழாய். அவன் சொன்ன அளவு இல்லை, நான் வெட்டிய அளவு. மலை ஏறியது என் குழாய். ஜெயித்தவன் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோட்டத்துத் தொழிற்சாலையில் கவராயம் வாங்கி எல்லோர் முன்னாலும் அளந்து காட்டலாம். ஆனால் ஏன் பதிமூன்று வெட்டினாய் என்று மாமனார் கேட்பார். மலை ஏறக்கூடாது என்று வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். ஜெயித்ததைச் சொன்னால் திருடியதையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் பற்றவைத்திருந்தது, என் கையாலேயே. வாயை மூடிக்கொண்டேன். அது வரைக்கும் அவன் கடிகாரத்தின்மேல், சிரிப்பின்மேல், மாமனார் நீட்டிய வெற்றிலையின்மேல் பொறாமைப்பட்டேன். அன்று முதல் என்னுடைய சொந்த வேலையின்மேல் பொறாமைப்படுகிறவன் ஆனேன். அப்படி ஒரு பொறாமை உண்டு. யாருக்கும் வரவேண்டாம்.

சித்திரை விஷுவன்று கனி கண்டு, குளித்து, மாமனார் வீட்டில் இலை போட்டார்கள். முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள், நான் மூத்தவன். சோறு விழுந்த பிறகு மாமனார் எழுந்து சாவியை அவிழ்த்து, என்னைத் தாண்டிப்போய் இரண்டாவது இலையின் பக்கத்தில் வைத்தார். சகலை கையை உதறிக்கொண்டு எழுந்தான். "மாமா, அண்ணாச்சி இருக்கும்போ நான் எப்படி..." என்றான். "உட்காரும்வே. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார் மாமனார். என் மனைவி எனக்குப் பருப்பு ஊற்றினாள். நெய் ஊற்ற மறந்துவிட்டாள்.

சாவி அவனிடம் இருந்தது. ஆனால் நான் வராமல் அவன் ஷெட்டைத் திறக்கமாட்டான். பூட்டுக்கு முன்னால் வெளியே நிற்பான். அது தெரிந்து நான் வேண்டுமென்றே தாமதமாக வருவேன். வண்டிக்காரர்கள் வெயிலில் காத்திருந்து அவனைத் திட்டட்டும் என்று. அவர்கள் அவனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார்கள். இரண்டு மாதம் அப்படிச் செய்து பிறகு விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அதே மாதிரி வண்டி ஒன்று வந்தது. கொல்லத்துக்காரர் ஒருவருடையது. அவருக்கும் மலைப்பாதைதான். சகலை அளவு பார்க்காமலே, "பதிமூணு நூல் வெட்டுங்க அண்ணாச்சி" என்றான். நிமிர்ந்து பார்த்தேன். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். பதிமூன்று வெட்டினேன், ஒரு மயிர் குறையாமல். பந்தயத்துக்குப் பிறகு எப்போதோ டாக்டர் வண்டியை அளந்து பார்த்திருக்கிறான், தெரிந்துகொண்டான் என்று நினைத்தேன். இன்று சொல்வான், நாளை சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருக்கிறானே என்று அதற்கும் எரிந்தது. அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கோழிக்கூட்டுக் கதவில் அந்தத் தகட்டு நாடா தெரியும். மூன்று நூல் அகலம். துருப்பிடித்து, இருந்த இடத்தில் இருக்கும். நான் முற்றத்தின் அந்தப் பக்கம் திரும்பி உட்காரமாட்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லை. கரிப்புகையில் ஓட்டுவதற்காக பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்புக் கட்டினோம். வேகம் யாரும் கேட்கவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்தார். டாக்டர் பச்சை வண்டியை யாருக்கோ விற்றுவிட்டார். விற்கும்போது சகலை அந்தக் குழாயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு நாள். நான் பக்கத்தில் இருந்தேன். பேச வந்தான், மூச்சு வரவில்லை. ஊதாங்குழல் பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. அவனுக்குப் பிள்ளை இல்லாததால் என் மூத்த பையன்தான் கொள்ளி வைத்தான்.

சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. ஆறு மாதம் ஆகிறது. இடுப்பில் இது இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

போன வாரம் என் மனைவியின் தங்கை ஆள் அனுப்பினாள். போனேன். வீட்டுப் பின்புறம் எரவாணத்தில் சொருகியிருந்த குழாயை எடுத்து முற்றத்தில் வைத்திருந்தாள். "இரும்புக்காரன் கேக்கான். உங்களைக் கேக்காமக் கொடுக்க மனசு வரல்ல அத்தான். நீங்க செய்தது" என்றாள்.

"அவன் அளவு, நான் செய்தேன்" என்றேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லிவருகிறேன்.

அவள் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "அவரு இந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தமாஷ் சொல்லுவாரு. அண்ணாச்சி கிட்ட பதிமூணு வேணும்னா பதினாலு கேக்கணும்டீன்னு. எனக்கு அது என்னன்னு தெரியாது. கேட்டா, அப்போ அண்ணாச்சி என்மேல ஒரு நூல் வருத்தத்துல இருந்தாருன்னு சொல்லுவாரு. உங்களுக்குத் தெரியுமா அத்தான்?"

தெரியாது என்றேன். கோழிக்கூட்டுக் கதவைப் பார்த்தேன். நாடா அங்கேதான் இருந்தது.

நான் அதை நம்பவில்லை. குழாயைத் தோளில் வைத்து ஷெட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. பந்தயத்துக்குப் பிறகு அளந்து தெரிந்துகொண்டு, முன்பே தெரிந்த மாதிரி பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்லியிருப்பான். எல்லா ஆண்பிள்ளையும் சொல்வதுதான். அவன் அளவே பதினாலுதான். என் பொறாமைதான் அதைப் பதிமூன்று ஆக்கியது. அதுவாவது எனக்கு இருக்கட்டும்.

ஷெட்டைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லை. அன்று ஐந்து பேர் நின்ற இடத்தில் நான் மட்டும் நின்றேன். அதே பெஞ்சில் குழாயை வைத்தேன். வால் ஓரத்தைத் துடைத்தேன். என் பதினாலு பொட்டும் இருந்தன. குழாயைத் திருப்பினேன். மறு முனையில் தடித்த வளையம். இஞ்சினோடு ஒட்டி முடுக்கும் அதன் முகம் முழுக்கக் கரி ஏறியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கரி போனது. முகத்தில் சுற்றிலும் பொட்டு உளி பட்ட அடையாளம் தெரிந்தது. என் உளி இல்லை. என் பொட்டு ஆழமாக இருக்கும். இது லேசாக, ஒரே இடைவெளியில், அவன் கை. இந்த முகம் இஞ்சினோடு சேர்ந்துவிட்டால் அந்த இடத்துக்கு உளி போகாது. டாக்டர் வண்டியை விற்கும் வரை குழாயை யாரும் கழற்றியதும் இல்லை. கழற்றிய பிறகு அடித்திருந்தால் இத்தனை வருஷக் கரி பொட்டுக்குள் இறங்கியிருக்காது. இது அடியோடு இறங்கி வெந்து இறுகியிருந்தது. மாட்டுவதற்கு முன்பே அடித்தது. நான் வீட்டில் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மத்தியானம்.

விரலை வைத்துத் தடவி எண்ணினேன். ஒரு தடவை எண்ணி நம்பாமல், அடையாளத்துக்கு ஒரு ஆணியை முதல் பொட்டில் வைத்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.

பதிமூன்று.